ஹோர்ன்விக் சந்தையில் என் முறை

செப்ரெம்பர் 4, வியாழன்

காலை முழுக்கக் காற்று. வேலி மல்லிகை பாதி கொட்டிவிட்டது. தெருமுனை மரத்து மக்பை இன்றும் என் தலைக்கு மேலே ஒரு பாய்ச்சல். குடை விரித்துக்கொண்டு பென்டில் ஹில் கடைக்குப் போய் வந்தேன். மழைக்கு இல்லை, வெயிலுக்கு இல்லை, பறவைக்கு.

வாங்கியது: முருங்கைக்காய், அரிசிமா, கறிவேப்பிலை (கொள்ளை விலை), இவருக்கு உப்புக் குறைந்த பிஸ்கற். வாழைப்பழம் வாங்கவில்லை. கண்டால் கேட்பார், கொடுக்கக்கூடாது, பிறகு முகத்தை நீட்டுவார்.

இன்று மெஷின் நாள். இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் இந்த இரத்தம் சுத்தம் செய்யும் வேலை. வீட்டிலேயேதான். பின் அறையில் சாய்கதிரை, மெஷின், தண்ணீர்க் குழாய். ஊசி குத்துவது நான். டயாலிசிஸ் சென்டரில் மாதக்கணக்காகப் பழக்கினார்கள். முதல் நாள் கை நடுங்கிய நடுக்கம்! இப்போது ஒரு கையால் குத்தி மறுகையால் ரீ.வி. சத்தத்தைக் குறைக்கிறேன்.

ஆறு மணிக்கு மார்ஜரியின் போன். இங்கிலாந்தில், ஹோர்ன்விக்கில் அப்போது காலை ஒன்பது, சந்தை தொடங்கும் நேரம். வியாழன் தவறாமல் எடுப்பாள். முட்டை விற்கிறவள். முப்பது வருடம் சந்தையில் என் பக்கத்து மேசை. அவள் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் என் மனதில் எப்போதும் எங்கள் பேச்சாகத்தான் பதியும்.

"லோகா, மணி உன்ர மேசைக்கு வருகுது. ஒக்ரோபர் முதல் வியாழன்."

கலண்டரில் அந்தத் திகதியைத் தேடிப் பார்த்தேன்.

ஹோர்ன்விக்கில் மணி அடிக்க முன் யாரும் ஒரு முட்டை கூட விற்கக்கூடாது. பித்தளைக் கைமணி. வருடத்துக்கு ஒரு மேசைக்காரர் அடிப்பார், முறை மேசை மேசையாக நகரும். இந்த வருடம் மார்ஜரி. முறை முடிந்தவர் ஒக்ரோபர் முதல் வியாழன் கல்தூணடியில் நின்று அடுத்தவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் யாராவது குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் டிசம்பர் நத்தாருக்கு முன் ஒரு வியாழனாவது முறைக்காரர் தன் கையால் அடிக்க வேண்டும். மிச்ச நாளைப் பக்கத்து மேசை பார்த்துக்கொள்ளும். குரல் வராவிட்டால் முறை அடுத்த மேசைக்குப் போய்விடும், பிறகு சந்தை முழுக்கச் சுற்றித்தான் திரும்பும். முப்பது மேசைக்கு மேல். எனக்கு வயது அறுபத்தேழு.

மகள் வாணியின் இரண்டாவது பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று இங்கே வந்தோம். இவருக்கு வருத்தம் வந்தது. ஹோர்ன்விக்கில் இருந்த எங்கள் பேப்பர்க் கடையை விற்றோம். மூன்று வருடம் ஓடிவிட்டது. ஆனால் சந்தையில் என் மேசை இன்னும் என்னுடையதுதான். பக்கத்து மேசைக்காரர் துணி விரித்து வைத்தால் அந்த இடம் காலியில்லை என்று அங்கே வழக்கம். மார்ஜரி வியாழன்தோறும் தன் முட்டையை அடுக்க முன் என் துணியை விரிக்கிறாள். நீலக்கட்டம் போட்டது.

இவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சென்டரில ஒரு மூண்டு கிழமைக்குக் கட்டில் கேக்கலாமோ?"

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். நான் ஒருக்கா ஹோர்ன்விக் போட்டு வாறன்."

"அங்க குத்திறவைக்கு என்ர கை பழக்கமில்லை. எனக்கு உம்மட கைதான்."

கண்ணை மூடிக்கொண்டார். கதை முடிந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சண்டை பிடித்திருப்பேன்.


செப்ரெம்பர் 7, ஞாயிறு

மழை. மழை பெய்த உடனே ஹோர்ன்விக் மணம் ஒன்று வரும், கொஞ்ச நேரம்தான். பிறகு யூகலிப்டஸ் எழும்பி அதை அமுக்கிவிடும். வாசலில் நின்று மூக்கை இழுத்து இழுத்து மணந்தேன். முன்வீட்டு யன்னலால் பேத்தி பார்த்துச் சிரித்தாள்.

முன்வீட்டில் வாணி குடும்பம், பின்வீட்டில் நாங்கள். வாணியிடம் விசயத்தைச் சொன்னேன். லப்டொப்பை மூடாமலே கேட்டாள்.

"அம்மா, சீரியஸா? ஒரு மணி அடிக்கவா அவ்வளவு தூரம் பிளைட்ல?"

"ஓம்."

"அப்பா சென்டருக்குப் போக மாட்டார். யூ நோ ஹிம். அதோட நீங்கள்தானே அங்க குளிர் குளிர் எண்டு ஒவ்வொரு நாளும் அழுதனீங்கள்? நான் சின்னனில இருந்து கேட்டனான்."

உண்மைதான். முப்பது வருடமும் அழுதேன். குளிருக்கு, இருட்டுக்கு, நாலு மணிக்கே அடையும் பொழுதுக்கு. குறை சொல்ல ஒரு ஊர் இருப்பது எவ்வளவு சுகம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே கிரவீனில் எனக்கு ஒரு குறையுமில்லை. கோயில் கிட்ட, தோசைமா கிட்ட, வெயில் வாசலில். எதைச் சொல்லி அழுவது?

குசினிக் குழாய் ஒழுகுகிறது. மருமகனிடம் சொல்ல வேண்டும்.


செப்ரெம்பர் 10, புதன்

பென்டில் ஹில் மண்டபத்தில் முதியோர் ஒன்றுகூடல். ரீ, கடலை வடை. வடையில் எண்ணெய் கூட. இவர் வந்ததும் கரம் போர்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றுகூடலை நடத்தும் செல்லத்துரை மாஸ்டர் புதன்தோறும் ஒருவரை "எங்கள் ஊர்" என்று கால் மணித்தியாலம் பேச வைக்கிறார். ஊரின் வரலாறு, சிறப்பு, ஆட்களின் குணம். இதுவரை ஆனவை: பருத்தித்துறை, சுழிபுரம், வேலணை, மறுபடியும் பருத்தித்துறை. முதல் பேச்சில் பிழை விட்டுவிட்டார்களாம்.

"தங்கச்சி, வாற கிழமை நீங்கள். எந்த ஊர்?"

எங்கள் ஆட்கள் பெயர் கேட்க முன் இதைத்தான் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் யார் பிள்ளை, யாருக்குச் சொந்தம், மிச்சத்தைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். எனக்குச் சொல்ல ஒரு ஊர் இல்லை. அப்பா ஸ்ரேசன் மாஸ்டர். மாற்றல் மேல் மாற்றல். மாகோ, கல்லோயா, மட்டக்களப்பு, பொல்காவலை. எல்லா ரெயில்வே குவாட்டர்ஸும் ஒரே அச்சு, சுவரின் மஞ்சள் உட்பட. எந்த இடத்திலும் ஒரு மரம் காய்க்கும்வரை இருந்ததில்லை. கலியாணம் கட்டி நேரே இங்கிலாந்து.

வாய் தன்பாட்டில் "ஹோர்ன்விக்" என்றது.

"அது எந்தப் பக்கம்? மன்னாரோ?"

"இங்கிலாந்து, மாஸ்டர்."

மாஸ்டர் பேனையை மூடினார். "உங்கட மனிசன் பாலா கரவெட்டி எல்லோ? அப்ப கரவெட்டி எண்டு போடுறன்."

"கரவெட்டியில நான் ஒரு கிழமைதான் இருந்தனான். கலியாண விருந்துக்கு. அங்க எனக்குத் தெரிஞ்சது மாமியின்ர குசினி மட்டும்."

பக்கத்துக் கதிரை அன்ரி ஒருவர் களுக்கென்று சிரித்தார். மாஸ்டர் மூக்கைத் தடவினார், கூரையைப் பார்த்தார், கடைசியில், "சரி, ஒரு மாற்றத்துக்கு," என்றார். இவர் கரம் போர்டிலிருந்து நிமிரவேயில்லை. காய் ஒன்றும் விழவுமில்லை.


செப்ரெம்பர் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை, மரக்கறி. பூசணிக்காய் அடிப்பிடித்துவிட்டது. யோசனை எல்லாம் புதன் பேச்சில்.

ஹோர்ன்விக். எங்கிருந்து தொடங்குவது?

வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட. ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு மேடு. மேட்டில் தேவாலயம், அடியில் சந்தை. ஏன் அங்கே ஊர் வந்தது என்றால், ஆட்டுமந்தை கடக்கிற அளவுக்கு ஆறு அந்த இடத்தில் ஆழம் குறைவு. மலையிலிருந்து ஆடு ஓட்டி வந்தவன் கரையேறிக் களைத்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒருவன் பியர் விற்றான், ஒருத்தி பாண் விற்றாள். பிறகு ஒரு அரசன் வியாழனில் சந்தை கூட்டலாம் என்று சாசனம் கொடுத்தான். எந்த அரசன் என்று ஊருக்குள் இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் தனித்தனி மதுக்கடை.

கம்பளி விற்ற காசில் தேவாலயம் கட்டினார்கள். ஊருக்கு அளவில்லாத பெரிது. தம்பியின் சட்டையை அண்ணன் போட்டால் இறுக்கும், இது அண்ணனின் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. கம்பளி போனது. தோல் பதனிட வந்தார்கள், அவர்களும் போனார்கள். குதிரைவண்டி தங்கும் விடுதி, ரெயில் வந்ததும் படுத்தது. பிறகு ரெயிலும் போனது. ஸ்ரேசன் இப்போது பூச்செடிக் கடை. அப்பாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன், தண்டவாளம் கழற்றின ஊர் உருப்படாது என்றார். எப்படியோ உருப்பட்டது. எது போனாலும் வியாழன் போகவில்லை.

தெருப் பெயர்கள்: ஆட்டுத் தெரு, பன்றி ஒழுங்கை, வெண்ணெய் முடுக்கு. சொல்ல வேண்டும், சிரிப்பார்கள்.

பாலத்தடியில் ஒரு குழிந்த கல். கொள்ளைநோய்க் காலத்தில் வெளியூர்க்காரர் சாமானை அங்கே வைத்துவிட்டு விலகி நிற்பார்களாம். ஊரவர் காசை, நோய் தொற்றாமல் வினாகிரி ஊற்றிய குழியில் போட்டுவிட்டுச் சாமானை எடுத்துப் போவார்களாம். நோய்க்கும் சந்தையை நிறுத்தவில்லை, இடத்தைத்தான் மாற்றினார்கள். கொரோனா நேரம் மார்ஜரி அந்தக் கல்லில்தான் எனக்கு முட்டை வைத்துவிட்டுப் போனாள், பகிடிக்கு. நான் மெய்யாகவே வினாகிரிப் போத்தலோடு போனேன்.

குணம்: புதன் பின்னேரம் எல்லாக் கடையும் பூட்டு. ஏன் என்று கேட்டால், எப்போதும் பூட்டு. புகழமாட்டார்கள். சந்தையில் நான் பொரித்து விற்ற ரோல்ஸுக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு, "சாப்பிட்டு நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்." எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "அவ்வளவு மோசமில்லை." சாகக் கிடந்த விவசாயி ஒருவரும் என்னிடம் அதைத்தான் சொன்னார். முப்பது வருடம் இருந்த நான் அங்கே புது ஆள். மார்ஜரியும் புது ஆள்தான், அவளுடைய பாட்டன் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்தவராம்.

முட்டை அடித்ததையும் சொல்ல வேண்டுமா? வந்த புதிதில் ஒரு காலை எங்கள் கடைக் கண்ணாடி முழுக்க முட்டை. இவர் வாளியோடு வெளியே வர, மார்ஜரி வந்து முட்டைக் கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்ர கோழி இடுறது மண்ணிறம். இது வேற ஊர் முட்டை," என்றாள். பிறகு தன் மேலங்கிக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள். அது எந்த ஊர் முட்டை என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் அப்படிச் சொன்னபிறகு நான் அந்த ஊரில் பயப்படவில்லை.

இதை எழுதும்போதே அழுகை வருகிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. எல்லோரும் பனங்கூடலுக்கும் கடலுக்கும் அழ, நான் ஒரு வெள்ளைக்கார ஊரின் ஈரக் கம்பளி மணத்துக்கு அழுகிறேன்.


செப்ரெம்பர் 14, ஞாயிறு

மெஷின் நாள். வாணி தானாகவே வந்தாள். "காட்டுங்கோ, நான் பழகிறன். மூண்டு கிழமைதானே," என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கையைக் கழுவினாள், கையுறை போட்டாள், பக்கத்தில் நின்றாள். நான் முதல் ஊசியைக் குத்தினேன். குழாயில் சிவப்பு ஏறியதும் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெள்ளைச் சீலை.

இவர் அசையவும் முடியாது, கையில் ஊசி. "தண்ணி குடு, தண்ணி குடு அவளுக்கு," என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "நீரும் உம்மட மணியும்," என்றார்.

வாணி போகும்போது "சொறி அம்மா" என்று கட்டிப்பிடித்தாள். பாவம், அவள் கணக்காளர். இரத்தம் பார்க்கிற வேலையா அது?

போதும். இனி இந்தக் கதையை எடுப்பதில்லை.


செப்ரெம்பர் 17, புதன்

வெயில். நல்ல சீலை உடுத்தேன், அந்தப் பச்சை.

மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். இங்கிலாந்து ஊருக்கு உரிமை கொண்டாடும் பொம்பிளையைப் பார்க்க வந்திருப்பார்கள். முதல் வரிசையில் ஒரு அங்கிள் உரக்கவே சொன்னார்: "எங்களை ஆண்டவன்ர ஊர் எங்களுக்கு என்னத்துக்கு?"

"அந்த ஊரில ஆடுதான் மேய்ச்சவை, அண்ணை," என்றேன். சிரித்தார்கள். தேவாலயச் சுவரில் இந்தியாவில் செத்த ஒரு கப்டனின் கல் பதித்திருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆறு, ஆடு, சாசனம் எல்லாம் சொன்னேன். பன்றி ஒழுங்கைக்குச் சிரித்தார்கள். பிறகு என் முதல் வியாழனைச் சொன்னேன்.

மேசை போட்ட முதல் நாள். மரக்கறி ரோல்ஸ், தேசிக்காய் ஊறுகாய். விடிந்தும் விடியாத நேரம், ஒரு கிழட்டு விவசாயி வந்து ரோல்ஸைக் காட்டிக் காசை நீட்டினார். மணி அடிக்கவில்லை. அடிக்க முன் விற்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை, சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? முதல் வியாபாரம். வந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கடை விளங்குமா? கொடுத்தேன். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்கிறேன், சந்தை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மார்ஜரி வந்து காதுக்குள் சொன்னாள், மணிக்கு முன் விற்றவர் சந்தையில் எல்லா மேசைக்கும் சாப்பாடு கொடுக்க வேண்டும், அதுதான் தண்டம்.

மண்டபத்தில் "ஐயோ" என்றார்கள்.

கொண்டுபோனது முழுக்கக் கொடுத்தேன். ஒரு ரோல்ஸ் மிச்சமில்லை. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த வியாழன் போனால், மணி அடிக்க முன்னமே என் மேசைக்கு வரிசை. மேசைக்காரர் அத்தனை பேரும், ருசி கண்ட பூனைகள், கையில் காசோடு, வாய் திறக்காமல், மணிக்குக் காத்துக்கொண்டு.

கைதட்டினார்கள்! அந்த முதல் வரிசை அங்கிளும். "முதல் வியாபாரத்தை விடக்கூடாதுதான்," என்று பக்கத்தில் சொன்னார்.

ஒரு அன்ரி கேட்டார், "பிள்ளை, அங்க கோயில் இருந்ததே?" இல்லை என்றேன். தைப்பொங்கலுக்கு மார்ஜரியின் முற்றத்தில் கோழிகளுக்கு நடுவில் பொங்கியதைச் சொன்னேன். பால் பொங்கும்போது பனி கொட்டியது. அன்ரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மணியைப் பற்றிச் சொன்னேன். "சரியாக ஒன்பதுக்கு அடிப்பார்கள்" என்றேன்.

"சரியா ஒன்பதுக்கு இல்லை."

கடைசி வரிசை. இவர். எழும்பி நின்றார்.

"சந்தை மணிக்கூடு கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். அதைப் பாத்துத்தான் அடிக்கிறது. திருத்த ஆள் வந்தது, ஊர் விடேல்லை. பஸ்ஸும் அதைப் பாத்துத்தான் வெளிக்கிடும்."

அதோடு உட்காருவார் என்று பார்த்தேன். இல்லை. பனியில் பேப்பர்க் கட்டு பாலத்துக்கு அங்காலே நின்றுபோனதும், மார்ஜரியின் புருசன் உழவு இயந்திரத்தில் போய் இழுத்து வந்ததும். ஆறு பெருகிக் கடைக்குள் வந்ததும், கேளாமலே ஊர்ச் சனம் வாளியோடு வந்து நின்றதும். மெலிந்த கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனார். முப்பத்தெட்டு வருடம் இந்த மனிசனோடு குடும்பம் நடத்துகிறேன், இவர் ஒரு ஊரைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கரவெட்டியைப் பற்றியும்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பூசணிக்காய்க் கறியோடு சோறு கேட்டார். இன்றும் அடிப்பிடித்தது என்றேன். பரவாயில்லை என்றார்.


செப்ரெம்பர் 18, வியாழன்

மெஷின். தலையிடி. குழாய் திருத்தியாகிவிட்டது.

ஆறுக்கு மார்ஜரி. அங்கே ஈர இலைகள், பாலத்தடி மூடுபனி. அவளிடம் பேச்சைப் பற்றிச் சொன்னேன். தண்டம் கதைக்குக் கைதட்டினார்கள் என்றதும், "நான் அண்டைக்கு மூண்டு ரோல்ஸ் எடுத்தனான். நீ காணேல்லை," என்றாள். இத்தனை வருடம் வைத்திருந்து இப்போது சொல்கிறாள்!

மார்ஜரி எடுத்தால் இவர் ரீ.வி. சத்தத்தைக் கூட்டுவார். இன்று குறைத்தார். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.


செப்ரெம்பர் 25, வியாழன்

வெக்கை. செப்ரெம்பரிலேயே இந்த வெக்கை.

மார்ஜரிக்குச் சொல்லிவிட்டேன், வரமாட்டேன் என்று. வேறு வழியில்லை. சென்டருக்கு இவர் போகமாட்டார், வாணியால் முடியாது, இவரை அழ அழ விட்டுவிட்டுப் போய் நான் எந்த மணியை அடிக்க?

அந்தப் பக்கம் முட்டைப் பெட்டி வைக்கும் சத்தம் மட்டும்.

"எப்படி இருக்கிறாய் மார்ஜரி?" என்றேன்.

"அவ்வளவு மோசமில்லை."

அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"பெயரை எப்படியும் கூப்பிடத்தான் வேணும், லோகா. நான்தான் கூப்பிட வேணும். பிறகு அடுத்த மேசைச் சீஸ்காரனுக்குப் போயிடும். கேக்கப் போறியோ?"

"கேக்கிறன்."

"போனைத் தூணில வைக்கிறன்."

ஆளும் இல்லாமல் முறையும் போனால் மேசையும் போகும், துணியையும் எடுத்துவிடுவார்கள். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமைக்க மனமில்லை. பாணும் சம்பலும். இவர் இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஊரில் எனக்கு ஒரு மேசை நீளம் நிலம் இருந்தது, அவ்வளவுதான். பிறந்தது முதல் எனக்கென்று இருந்த இடம் அது மட்டும்தான். அதை யாருக்குச் சொல்ல?


ஒக்ரோபர் 1, புதன்

ஒன்றுகூடலுக்குப் போகவில்லை. கால் உளைவு என்று சொல்லியாயிற்று. மாஸ்டர் போன் எடுத்தார், அடுத்த கிழமை கீரிமலையாம். "உங்கட பேச்சை இன்னும் கதைக்கினம், தங்கச்சி. அந்த மணி இப்ப ஆர் அடிக்கினம்?"

நாளையிலிருந்து சீஸ்காரர் என்றேன்.

தோய்த்தது: படுக்கை விரிப்புகள், இவரின் கம்பளித் தொப்பி. இந்த வெயிலில் எதற்கு அதை எடுத்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. கட்டில் தலைமாட்டில் கிடந்தது.


ஒக்ரோபர் 2, வியாழன்

வானம் மூட்டம், காற்றில்லை. மதியம் மெஷினைத் தொடங்கினேன். இரண்டு ஊசியும் முதல் தரத்திலேயே சரி. இவர் சாய்கதிரையில், கண்ணை மூடியபடி. நான் பக்கத்தில் முக்காலியில், மடியில் போன்.

ஆறுக்குக் கொஞ்சம் முன் மார்ஜரி எடுத்தாள். "வைக்கிறன்," என்றாள். சத்தத்தைக் கூட்டிப் போனை மேசையில் வைத்தேன். இரும்புக் கால்களை விரிக்கும் கிறீச். ஒரு நாய். யாரோ மழையைத் திட்டுகிறார்கள். தேவாலயக் காகங்கள். கல்தூணில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். என்னை யாரோ அந்தச் சந்தை நடுவில் இறக்கி விட்டதுபோல் இருந்தது, கை மட்டும் இல்லாமல்.

ஆறு தாண்டியது. ஒன்றுமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"மணிக்கூடு பிந்தும்," என்றார் இவர். கண் திறக்கவில்லை.

பிறகு எல்லாச் சத்தமும் அடங்கியது. மார்ஜரியின் குரல், சந்தைக்கென்று எடுத்த பெரிய குரல்.

"லோகா பாலேந்திரன்!"

முழுப்பெயர். பாலேந்திரனை அவள் வாயால் நான் கேட்டதேயில்லை. பிழையில்லாமல் சொன்னாள். எங்கேயோ இருந்து பழகியிருக்கிறாள்.

நான் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன்.

"லோகா பாலேந்திரன்!"

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. போனை நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். மூன்றாவதைக் கேட்கத் தைரியமில்லை. நீட்டிய என் கையை இவர் ஊசி இல்லாத கையால் பிடித்துக்கொண்டார். மெல்லிய கை, ஆனால் இறுக்கம்.

"லோகா பாலேந்திரன்!"

"ஹியர்!"

கடையில் பேப்பர்ப் பெடியங்களைக் கூப்பிட்ட இவரின் பழைய குரல். அறை அதிர்ந்தது. மெஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. "ஷீ இஸ் ஹியர்!"

போனுக்குள் சந்தை முழுக்க இரைச்சல். யாரோ மேசையில் தட்டினார்கள். மார்ஜரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் குழாயைச் சரிசெய்து மெஷினின் வாயை மூடினேன்.

"வீட்டு ஆள் ஆர் சொன்னாலும் சரியெல்லோ?" என்றார்.

"ஓம்."

"நாளைக்குச் சென்டருக்குப் போன் எடும். கட்டில் கேளும். ரண்டு மூண்டு தரம் நீரும் வந்து நிண்டு, குத்திறவைக்கு என்ர கையைப் பழக்கிவிட்டிட்டுப் போம்."

தலையை ஆட்டினேன்.

"அந்தத் தொப்பியைக் கொண்டு போய் மார்ஜரியின்ர மனிசனிட்டக் குடும். அது அவன்ர. அந்தப் பனிக்குத் தந்தது."

அங்கே மணி அடித்தது. மார்ஜரி எனக்காக அடித்தாள். நீளமாக, நிறுத்தாமல்.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அவளிட்டச் சொல்லும், அந்தத் துணியைத் தோய்ச்சு வைக்கச் சொல்லி. மூண்டு வருசத் துணி."